வயிற்றுத் தசை விலகிய தாய்மார்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது எப்படி? பயிற்சியாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் பெண்களுக்கான காலை வகுப்பு எடுக்க ஆரம்பித்த புதிது. குழந்தை பெற்று நாலு மாதமான ஒரு பெண் வந்தாள். "அக்கா, வயிறு சாடிப்போச்சு, எப்படியாவது உள்ள தள்ளணும்" என்றாள். நானும் முதல் நாளே சிட்-அப் இருபது, இரட்டைக் கால் தூக்கல் பதினைந்து என்று கொடுத்தேன். ஒவ்வொரு முறை எழும்போதும் தொப்புளுக்கு மேலே, கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் முதுகு மாதிரி, நடுவயிறு நீளவாக்கில் புடைத்து எழுந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் நடு முதுகு வலி, இருமினால் சிறுநீர் கசிகிறது என்று அவள் வகுப்பை விட்டு நின்றுவிட்டாள்.

அந்த வள்ளத்து முதுகைப் பார்க்கவும், பார்த்ததும் என்ன செய்வது என்று முடிவெடுக்கவும் சொல்லித்தருவதுதான் இந்த வழிகாட்டி. யோகா சொல்லிக்கொடுப்பவர்கள், ஜிம் பயிற்சியாளர்கள், வீட்டுக்கே போய் பயிற்சி கொடுப்பவர்கள் எல்லோருக்கும் பொருந்தும். மருத்துவரின் வேலையை நாம் எடுத்துச் செய்ய முடியாது, அதையும் இடையிடையே சொல்வேன்.

நடுவில் என்ன நடக்கிறது

வயிற்றின் முன்பக்கம் நெஞ்செலும்புப் பக்கத்திலிருந்து இடுப்பெலும்பு வரைக்கும் இரண்டு பட்டைத் தசைகள் இறங்குகின்றன. இரண்டையும் நடுவில் சேர்த்துப் பிடித்திருப்பது லீனியா ஆல்பா என்ற நார்த்திசு. குழந்தை வளர வளர இந்த நடுக்கோடு மெலிந்து அகலும், இரு தசைகளும் பக்கவாட்டில் விலகும். இதைத்தான் டயஸ்டாசிஸ் ரெக்டை என்கிறார்கள். இழுபட்டு அகல்கிறதே தவிர எதுவும் கிழிவதில்லை. "தசை கிழிஞ்சு போச்சு" என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் அவள் சொந்தக் குழந்தையைத் தூக்கவே பயப்படுவாள். குடல் வெளியே துருத்தும் ஹெர்னியா வேறு விஷயம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

போர்ச்சுகலில் முதல் பிரசவப் பெண்களை வைத்துச் செய்து 2015-ல் வெளியான ஆய்வில், 35-வது வாரத்தில் அத்தனை பேருக்கும் விலகல் இருந்தது. ஆறு மாதம் கழித்து சுமார் 39 சதவீதம் பேருக்கு மிச்சமிருந்தது. நார்வேயில் 300 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2016-ல் வெளியிட்டதில், பிரசவமாகி ஆறாவது வாரம் 60 சதவீதம், ஒரு வருஷம் கழித்து 33 சதவீதம். அதே ஆய்வில், விலகல் இருந்தவர்களுக்கு மற்றவர்களைவிட இடுப்பு வலி அதிகம் என்று தெரியவில்லை. அதனால் முதுகு வலி என்று வருகிற ஒவ்வொருத்தியிடமும் "உனக்கு வயிறு விலகிப்போச்சு, அதான் வலி" என்று அடித்துச் சொல்வது சரியில்லை. குழந்தையே பெறாத பெண்களுக்கும் தொப்புளுக்கு 3 செ.மீ. மேலே 22 மி.மீ. வரை இடைவெளி இருப்பது இயல்பு.

படி 1: பாயை விரிக்கும் முன் பேசுங்கள்

முதல் நாள் பயிற்சி வேண்டாம். உட்கார வைத்துப் பேசுங்கள், முடிந்தால் தனியாக. நம்ம ஊரில் மாமியாரோ அம்மையோ கூடவே வருவார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்தால் சிறுநீர் கசிவதைப் பற்றி எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். "அம்மா, நீங்க குழந்தையைக் கொஞ்ச நேரம் வெளிய வச்சிருங்க" என்று மரியாதையாக அனுப்பிவிட்டுக் கேளுங்கள். எத்தனாவது பிரசவம், சுகப்பிரசவமா ஆபரேஷனா, தையல் ஆறிவிட்டதா, இருமினால் தும்மினால் கசிகிறதா, அடியில் ஏதோ கனமாகத் தொங்குகிற மாதிரி இருக்கிறதா, தொப்புளில் முடிச்சு மாதிரி வருகிறதா, ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு வந்தவளுக்கு அன்றைக்குப் பாதிப் பயிற்சி போதும்.

கர்ப்பிணி என்றால் மருத்துவர் உடற்பயிற்சிக்குச் சம்மதித்திருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியபடி கீழே இருப்பது, ரத்த அழுத்தம் ஏறி சிறுநீரில் புரதம் போவது, கடுமையான ரத்தசோகை, பனிக்குடம் உடைந்தது, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டது, குறைமாதப் பிரசவ அபாயம், இதில் எது இருந்தாலும் நீங்கள் ஆரம்பிக்கக் கூடாது. ரத்தசோகையை லேசாக எடுக்காதீர்கள். அட்டையில் ஹீமோகுளோபின் எழுதியிருக்கும், வாங்கிப் பாருங்கள்.

பயிற்சியின் நடுவில் ரத்தப்போக்கு, நீர் கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, நெஞ்சுவலி, தலைசுற்றல், கடும் தலைவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியோ வீக்கமோ வந்தால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். "கொஞ்சம் உக்காந்து பாப்போம்" என்று காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். அவசரம் என்றால் 108.

படி 2: விரலால் பார்ப்பது

வயிற்றோடு இருக்கும் பெண்ணுக்கு அளக்க வேண்டாம். கடைசி மாதங்களில் எல்லோருக்கும் விலகித்தான் இருக்கும், அளந்து சொல்லி என்ன ஆகப்போகிறது? வேலை செய்யும்போது நடுவயிறு கூம்புகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிரசவமானவர்களுக்கு ஆறாவது வாரத்துக்கு அப்புறம் பாருங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கட்டும். தொப்புளில், அதற்கு நாலு விரல்கடை மேலே, நாலு விரல்கடை கீழே என்று மூன்று இடம். விரல்களைக் குறுக்காக வைத்து லேசாக அழுத்தியபடி, தலையை மட்டும் மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கத் தசையின் விளிம்பும் விரலில் தட்டுப்படும். இரண்டு விரலுக்கு மேல் போனால் விலகல் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

ஆனால் எத்தனை விரல் என்பதைவிட விரலுக்கு அடியில் என்ன தெரிகிறது என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். இறுக்கிக் கட்டிய கயிற்றுக்கட்டில் மாதிரி எதிர்த்து நிற்கிறதா, இல்லை பஞ்சு மெத்தையில் அமுக்கிய மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறதா? மூன்று விரல் அகலம் இருந்தும் அடியில் விறைப்பாக நின்றால் அவள் நன்றாகவே வேலை செய்வாள். ஒன்றரை விரல்தான், ஆனால் விரல் அமிழ்ந்துபோகிறது என்றால் மெதுவாகத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

தொடும் முன் கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஆண் பயிற்சியாளர் என்றால் தொடவே வேண்டாம், அவள் விரலையே வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். எல்லோருக்குமே அதுதான் நல்லது, வீட்டில் அவள்தானே பார்க்கப்போகிறாள்? தொப்புளில் உருண்டையாகத் துருத்துகிறது, அமுக்கினால் வலிக்கிறது என்றால் ஹெர்னியாவாக இருக்கலாம். அதற்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அவளுக்குத் தோதான வேறு இடத்திலோ அறுவை மருத்துவரிடம் காட்டிவிட்டு வரட்டும். துருத்தியது உள்ளே போகாமல் நின்று, கடும் வலியும் வாந்தியும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

படி 3: மூச்சு

இதற்கு ஒரு வகுப்பு முழுவதையும் கொடுங்கள். சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

ஒருக்களித்துப் படுத்தோ நாற்காலியில் சாய்ந்தோ, ஒரு கை விலாவில், ஒரு கை அடிவயிற்றில். மூக்கால் இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரியட்டும். விடும்போது சூடான கட்டன் சாயாவை ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக ஊதட்டும். ஊத ஊத அடிவயிறு தானாக முதுகெலும்பை நோக்கிப் போகும். அதோடு சேர்த்து, வாயு வெளியேறாமல் அடக்குகிற மாதிரி கீழே உள்ள தசைகளை மேலே இழுக்கட்டும். அடுத்த மூச்சை இழுக்கும்போது முழுசாக விட்டுவிட வேண்டும். இந்த விடுவதைத்தான் பலரும் மறக்கிறார்கள், நாள் பூரா இறுக்கிப் பிடித்துக்கொண்டே அலைகிறார்கள். 5 எண்ணும் வரை பிடித்து, 5 எண்ணும் வரை விட்டு, எட்டுப் பத்து முறை. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லாதீர்கள்.

இது பிடிபட்டதும் ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: எந்த வேலையிலும் கஷ்டமான பகுதி வரும்போது ஊத வேண்டும். எழும்போது ஊது, தூக்கும்போது ஊது. மூச்சை அடக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, எது இளகலாக இருக்கிறதோ அந்த வழியாகத் தள்ளும். அது நடுக்கோடாகவும் இருக்கலாம், இடுப்புத் தளமாகவும் (இப்போது மேலே இழுத்தோமே, அடியில் தாங்கிப் பிடிக்கும் அந்தத் தசைகள்) இருக்கலாம்.

படி 4: கர்ப்பிணிகளுக்கு

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் வாரம் 150 நிமிஷம் நடுத்தர வேகப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். முன்பு எதுவுமே செய்யாதவள் 10 நிமிஷ நடையில் ஆரம்பிக்கட்டும். சொத்தவிளை, சங்குத்துறைப் பக்கம் இருப்பவர்கள் கடற்கரையில் நடக்கலாமா என்று கேட்பார்கள். ஈரமாக இறுகிய மணல் பரவாயில்லை, கால் புதைகிற மணல் வேண்டாம், இடுப்பு மூட்டு வலி இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். மதிய வெக்கையில் வகுப்பு வைக்காதீர்கள்.

நான் கொடுப்பவை: சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, ஒருக்களித்துப் படுத்து மேல் முழங்காலைத் திறப்பது, நாலு காலில் நின்று ஒரு கையை நீட்டுவது, அப்புறம் ரப்பர் பேண்டைக் கதவில் மாட்டி இழுப்பது. இந்தக் கடைசிக்கு "கிணத்துல தண்ணி கோருற மாதிரி" என்று சொன்னால் வேறு விளக்கமே தேவையில்லை, முழங்கையை எவ்வளவு பின்னால் கொண்டுபோக வேண்டும் என்று அவளுக்கே தெரியும். ஒவ்வொன்றும் 8 முதல் 12, இரண்டு சுற்று, வாரம் இரண்டு மூன்று நாள்.

முழு சிட்-அப், இரட்டைக் கால் தூக்கல், நாவாசனம், தனுராசனம், சக்கராசனம், கபாலபாதி இதெல்லாம் இந்தக் காலத்தில் தேவையே இல்லை. நடுவயிறு கூம்பினால் பிளாங்க்கும் (கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்துவது) வேண்டாம், சுவருக்கு மாற்றிவிடுங்கள். முதல் மூன்று மாதம் கடந்த பிறகு மல்லாந்து அசையாமல் நெடுநேரம் படுக்க வைக்காதீர்கள். கர்ப்பப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அமுக்கித் தலைசுற்ற வைக்கும். கடைசியில் சவாசனம் வேண்டும் என்று கேட்பவர்களை இடப்பக்கம் ஒருக்களிக்க வையுங்கள்.

படி 5: பெற்ற பிறகு

முதல் இரண்டு வாரம் மூச்சு, இடுப்புத் தளத்தை இழுத்து விடுவது, கணுக்காலை ஆட்டுவது, வீட்டுக்குள் நடை. இவ்வளவுதான். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதை எடுத்த பிறகே இடுப்புத் தளப் பயிற்சி. சிசேரியன் என்றால் இருமும்போது மடித்த துணியை தையல்மேல் வைத்து அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழந்தையைவிடக் கனமாக எதையும் ஆறு வாரம் தூக்க வேண்டாம்.

இந்தச் சமயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு சண்டை நடக்கும், வயிறு கட்டுவது பற்றி. "கட்டாம விட்டா வயிறு சாடும் மக்ளே" என்று குளிப்பாட்ட வரும் பாட்டி பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கிக் கட்டிவிடுவார். நான் இதை எதிர்ப்பதில்லை. அளவான கட்டு அவளுக்குத் தெம்பாகத்தான் இருக்கும், சிசேரியன் வலியையும் குறைக்கலாம். ஆனால் அது தசையைச் சேர்த்துவைத்துவிடாது, தசையின் வேலையையும் செய்யாது. மேல்வயிற்றில் இறுக்கிக் கட்டினால் அழுத்தம் முழுக்கக் கீழே இறங்கும். அதனால் இடுப்பெலும்பில் ஆரம்பித்து மேலே வர வர இளக்கமாகக் கட்டட்டும். உள்ளே கை நுழைய வேண்டும், விலா விரிந்து மூச்சு விட வேண்டும், படுக்கும்போது அவிழ்க்க வேண்டும். அடியில் கனமாகத் தெரிந்தால் கட்டே வேண்டாம். வெந்நீரை வயிற்றில் ஓங்கி அடிப்பது, உள்ளங்கையால் ஊன்றி அமுக்குவது, இதையெல்லாம் தையல் உள்ளவளுக்குச் செய்யக் கூடாது என்று பாட்டியிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். பாட்டியைப் பகைத்தால் நம் வகுப்பு நடக்காது.

இன்னொன்று. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. லேகியமும் உள்ளே போகும், கீரை காய் போகாது. விளைவு மலச்சிக்கல். தினமும் காலையில் முக்குகிற முக்கு, நாம் பத்து நாள் சொல்லிக்கொடுத்த மூச்சை அழித்துவிடும். தண்ணீரும் பழமும் சாப்பிடச் சொல்லுங்கள். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலுக்கு அடியில் சின்ன முக்காலி போட்டு, அங்கேயும் ஊதச் சொல்லுங்கள்.

இரண்டு முதல் ஆறு வாரம் வரை: முழங்காலை மடக்கிப் படுத்து ஒரு குதிகாலைப் பாயில் வழுக்கி நீட்டுவது, ஒரு முழங்காலைப் பக்கவாட்டில் சாய்த்துக் கொண்டுவருவது, இடுப்பைக் கொஞ்சமாகத் தூக்கி இறக்குவது. நடை மெதுவாக அரைமணி வரைக்கும் போகலாம்.

ஆறாவது வார மருத்துவப் பரிசோதனை முடிந்த பிறகு உண்மையான வேலை. மல்லாந்து ஒரு காலை மேஜை போல மடக்கித் தூக்குவது, அது சுலபமானால் எதிர்க் கையையும் சேர்ப்பது. சுவரில் தள்ளியது திண்ணை உயரத்துக்கு இறங்கும், அப்புறம் தரைக்கு. எடை பிடித்து உட்கார்ந்து எழுவது, ஒரு கையில் வாளி பிடித்து நடப்பது. பெரும்பாலான பயிற்சியாளர்கள் தப்பு செய்வது இங்கேதான், நானும் சில வருஷம் செய்தேன். முதல் தப்பில் பயந்துபோய், விலகல் இருப்பவளுக்கு வருஷம் பூரா மூச்சும் குதிகால் வழுக்கலுமே கொடுத்துக்கொண்டிருந்தேன். எடை ஏற்றாமல் தசை வலுப்பெறாது. நார்வேயில் பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு மாதமான, விலகல் உள்ள 70 பெண்களை வைத்துச் செய்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரம் தலை தூக்கல், கிரஞ்சஸ் (தலையையும் தோளையும் மட்டும் தூக்கும் அரை சிட்-அப்) எல்லாம் செய்தும் இடைவெளி கூடவில்லை, தசை வலு கூடியது. இடைவெளி குறையவும் இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதனால் கிரஞ்சஸ் விஷம் கிடையாது. நாலாவது மாதம் முதல் நாளே இருபது போட வைத்தேனே, அதுதான் விஷம்.

ஓட்டமும் குதித்தலும் 12 வாரத்துக்கு முன் வேண்டாம். அதற்குப் பிறகும் கசிவு, கனம், வலி எதுவும் இல்லாமல் அரைமணி வேகமாக நடக்க முடிந்தால்தான்.

கூட்டவா, குறைக்கவா?

ஒவ்வொரு பயிற்சியிலும் அவள் வயிறு உங்கள் கண்ணில் பட வேண்டும். தொளதொள நைட்டியில் எதுவும் தெரியாது. நடுவயிறு வள்ளம் கவிழ்த்தது போல எழுந்தால், முதலில் ஊதச் சொல்லி இன்னொரு முறை பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே அடங்கிவிடும். அடங்கவில்லையா, நெம்புகோலைக் குறையுங்கள்: நீட்டிய காலை மடக்கு, இரண்டு காலுக்குப் பதில் ஒன்று, தரைக்குப் பதில் சுவர். அதற்கும் அடங்கவில்லை என்றால் அந்தப் பயிற்சியை இரண்டு வாரம் ஒத்திப்போடுங்கள். கசிவு, அடியில் கனம், மறுநாள் வரை நிற்கும் வலி, மூச்சை அடக்கி முகம் சிவப்பது, இவையும் அதே மாதிரி எச்சரிக்கைதான். லேசாக ஒருமுறை கூம்பிவிட்டால் பதறி நிறுத்த வேண்டாம். ஒன்றும் கெட்டுப்போய்விடாது.

மூன்று நாலு மாதம் ஒழுங்காகச் செய்தும் விரலுக்கு அடியில் விறைப்பே வரவில்லை, அல்லது கசிவு நிற்கவில்லை என்றால் பெண்கள் நலம் பார்க்கிற பிசியோதெரபிஸ்டிடம் அனுப்புங்கள். அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வந்தால் அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது, வழக்கமாக இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவான பிறகுதான் அதை யோசிப்பார்கள்.

படி 6: வீட்டு வேலைதான் பெரிய பயிற்சி

வகுப்பில் நாற்பது நிமிஷம். மிச்ச நேரம் அவள் குழந்தையைத் தொட்டிலிலிருந்து ஐம்பது முறை தூக்குகிறாள். பாயிலிருந்து எழும்போது நேராக எம்பி எழுந்தால் அதுவும் ஒரு சிட்-அப்தான். ஒருக்களித்து, காலை மடக்கி, கையை ஊன்றி, ஊதிக்கொண்டே எழச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கும் இதே வழி. முதல் வகுப்பிலேயே பத்து முறை செய்ய வைத்துவிடுங்கள், வேறு எது மறந்தாலும் இது நிற்கும்.

எந்த வேலைக்குத் திரும்பப்போகிறாள் என்றும் கேளுங்கள். தமிழ்நாடு அரசு வேலை என்றால் 12 மாதம் விடுப்பு, அவசரமில்லை. அண்டி ஆபீசுக்கோ (முந்திரி ஆலை) ரப்பர் தோட்டத்துக்கோ மீன் விற்கவோ போகிறவளுக்கு அந்த வசதி கிடையாது, மூன்றாவது மாதமே போய் நிற்பாள். குனிந்து உட்கார்ந்தே வேலை செய்பவளுக்கு முதுகு நிமிர்த்தலும் பேண்ட் இழுப்பும் கூடுதலாக வேண்டும். மேடு ஏறி ரப்பர் பால் வாளி சுமப்பவளுக்குப் படியேற்றம், தலைச்சுமை எடுப்பவளுக்கு உட்கார்ந்து எழுவது.

மூன்றாவது மாதக் கடைசியில் அவள் வீட்டில் புழங்குகிற குடத்தையே கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் வாரம் கால் குடம் தண்ணீர். குடத்தை உடம்போடு ஒட்டி வைத்து, முழங்காலை மடக்கி, ஊதிக்கொண்டே இடுப்புக்கு ஏற்றட்டும், நீங்கள் நடுவயிற்றைப் பாருங்கள். கூம்பவில்லை, கசியவில்லை என்றால் அடுத்த வாரம் அரைக் குடம். எப்போதும் வைக்கிற இடுப்பில் ஐந்து முறை, வைத்தே பழகாத இடுப்பில் ஐந்து முறை. அந்தப் பழகாத பக்கம் முதல் தடவை எல்லோருக்கும் தண்ணீர் சிந்தும், தரையைத் துடைக்க ஒரு பழைய துணி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.